செவிக்கும் வேண்டும் ஒரு சேமிப்பு

நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிகள் ஓடும் தெருக்களில் நடப்போர், துணியைக் காண்பதற்கு முன்பே தறியின் ஓசையைக் கேட்டுவிடுவர். தறிக்கூடத்தினுள் பணிபுரிவோர்க்கு அந்த ஓசையே சூழல். அவர்கள் கையசைத்தும் உதட்டசைவைப் பார்த்தும் செய்தி சொல்லிக்கொள்கின்றனர். அதுவும் போதாதபோது காதருகே வாய் வைத்துக் கூவுகின்றனர். இங்கிலாந்தின் லங்காசயர் பருத்தி ஆலைகளில் பணிபுரிந்த பெண்களும் இவ்வாறே உதட்டசைவால் உரையாடினர். அவ்வழக்கத்திற்கு ‘மீ-மோயிங்’ என்று ஒரு பெயரும் வழங்கிற்று. கடல் கடந்து வாழ்ந்த இரு நெசவுச் சமூகங்களும் ஒரே வழியைக் கண்டன. ஏனெனில் இரண்டும் ஒரே இரைச்சலில் உழைத்தன.

தறியை விட்டு வீடு திரும்பிய பின்பும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்பும், அந்த இரைச்சலின் விளைவு உடன் வருகிறது. நெசவாளர்க்கு மட்டுமன்று; கருங்கல் அறுக்கும் பட்டறையில் நின்றவர்க்கும், பேருந்து ஓட்டியவர்க்கும், எந்த இரைச்சலிலும் உழைக்காமல் எழுபது வயதை எட்டியவர்க்கும் செவித்திறன் குறைவு ஒருநாள் வாயிலில் வந்து நிற்கலாம். கண்ணொளி மங்கினால் நாம் தயங்காமல் கண்ணாடி அணிகிறோம். செவியொலி மங்கினால் மட்டும் ஏன் மறைக்கிறோம்? மறைப்பதனால் நாம் இழப்பவை எவை? மீட்டுக்கொள்ளக் கூடியவை எவை? சித்தூர், திருப்பதிப் பகுதி வாடிக்கையாளர்களை மனத்தில் கொண்டு இவற்றை இங்கே ஆராய்வோம்.

பட்டு, கட்டு, தட்டு

வயது முதிர்வினாலும் இரைச்சலினாலும் வரும் செவித்திறன் குறைவு, வானொலியின் ஒலியைக் குறைப்பது போன்றதன்று. அது முதலில் பறித்துக்கொள்வது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளை. நம் பேச்சில் உயிரொலிகள் உரத்தவை. தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்தவை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளோ மெல்லியவை; அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில்தான் தங்கியுள்ளது.

பட்டு, கட்டு, தட்டு என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. முதல் மெய் மட்டுமே வேறு. அந்த மெய்யின் சாயல் செவியில் விழாவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். தெலுங்கிலும் இதே மூன்று ஒலிவடிவங்களும் தனித்தனிச் சொற்களாக வழங்குவதால், இப்பகுதியில் இரு மொழியிலும் இதே தடுமாற்றம் நேர்கிறது. ‘ஓசை கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை’ என்று முதியோர் கூறுவது சாக்குப்போக்கு அன்று. அவர்களது நிலையை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல இயலாது.

இதனால்தான் உரக்கக் கத்துவதும் பயன் தருவதில்லை. கத்தும்போது உரப்பது உயிரொலியே. தேவைப்படும் மெய்யொலி அதனுள் மேலும் அமுங்கிவிடுகிறது. கேட்பவர்க்குப் புரிவதைவிட, தம்மைக் கடிந்துகொள்கிறார்கள் என்னும் வருத்தமே மிஞ்சுகிறது.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டபோது அதன் பெரும்பகுதி வடஆர்க்காட்டிலிருந்து வந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் இல்லத்தில் தமிழும், அலுவலகத்திலும் சந்தையிலும் தெலுங்கும் என்னும் இருமொழி வாழ்வு இங்குப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு மாறவில்லை. இவ்வாழ்வில் செவித்திறன் குறைவு ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. இரைச்சலுக்கு நடுவே இரண்டாம் மொழியைப் புரிந்துகொள்ளத் தாய்மொழியைவிடக் கூடுதல் தெளிவு தேவை. ஆகவே, வீட்டுப் பேச்சை ஒருவாறு ஊகித்துச் சமாளிப்பவர், மருந்துக்கடையிலும் அலுவலக முகப்பிலும் முதலில் தடுமாறுவார். ‘வீட்டில் நன்றாகத்தானே கேட்கிறது’ என்று அவரும் குடும்பத்தாரும் எண்ணிக் காலத்தைப் போக்குவர்.

வரவு இல்லாத கணக்கு

செவிப்பறையின் அதிர்வு மூன்று சிற்றெலும்புகளின் வழியே உட்செவியை அடைகிறது. அங்கே நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனைக் காக்ளியா என்பர். அதனுள் வரிசையாக நிற்கும் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்களே அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுகின்றன. மனிதரிடத்தில் இச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பிறக்கும்போதே முழு இருப்பும் செலுத்தப்பட்டு, அதன்பின் எடுப்பு மட்டுமே நிகழும் கணக்கு இது.

இரைச்சல் இக்கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதற்கும் கணிதம் உண்டு. டெசிபல் என்னும் அளவு நேர்கோட்டில் ஏறுவதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 90 டெசிபலாக உயர்ந்தால் அதே வாரத்தில் 4 மணி நேரமே பாதுகாப்பானது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை எல்லையாகக் கொண்டுள்ளன. விசைத்தறிக் கூடங்களோ இந்த எல்லையை எளிதில் எட்டுகின்றன, கடக்கவும் செய்கின்றன. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு நம் நாட்டில் சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில்நோய்களுள் ஒன்று என்பதைத் தொழிலாளர் பலர் அறியார். சில ரூபாய் விலையுள்ள பஞ்சுநுரைச் செவியடைப்பான், தினமும் முறையாக அணிந்தால், இவ்விழப்பைப் பெருமளவு தடுக்கும். சாதாரணப் பஞ்சை அடைத்துக்கொள்வது அந்தப் பணியைச் செய்யாது.

இரைச்சலும் முதுமையும் மட்டுமே காரணங்கள் அல்ல. காதில் குறும்பி அடைத்திருக்கலாம், நாள்பட்ட சீழ்வடிதலால் செவிப்பறையில் துளை விழுந்திருக்கலாம், சிற்றெலும்பு இறுகியிருக்கலாம். இவை மருந்தாலோ அறுவையாலோ பெரும்பாலும் சீராகக் கூடியவை. நீரிழிவும், ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற சில மருந்துகளும், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி முதலிய தொற்றுகளும் உட்செவியைத் தாக்க வல்லவை. ஆகவே, கருவி வாங்கும் கடைக்குச் செல்வதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண்பதே முறை.

ஒன்றை மட்டும் தனியே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது, இன்று காலை திடீரெனக் கேளாமற் போனால் அது அவசர நிலை. இரண்டு மூன்று நாள்களுக்குள் மருத்துவம் தொடங்கினால் மீட்கும் வாய்ப்பு மிகுதி. நல்லெண்ணெய் விட்டுப் பார்ப்பதிலும், தானே சரியாகும் என்று காத்திருப்பதிலும் கழியும் ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

கேளாமல் தலையசைத்தால்

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கை, உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள் என்றும், அவர்களுள் 43 கோடிப் பேர்க்கு மறுவாழ்வுச் சேவை தேவை என்றும் கூறுகிறது. 2050இல் முதல் எண்ணிக்கை 250 கோடியாக உயரக்கூடும் எனவும் அது கணிக்கிறது.

எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பவை தனிமனித இழப்புகள். முதலில் கூட்டுப் பேச்சிலிருந்து விலகுகிறார். பின் திருமண வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கிறார். பேரக்குழந்தை சொல்லும் கதைக்குச் சிரித்து வைக்கிறார். மூளைக்கு வரும் ஒலி குறைவதும், உறவாட்டம் சுருங்குவதும் அறிவாற்றலைப் பாதிக்கின்றன. மறதிநோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களை 2024இல் பட்டியலிட்ட லான்செட் ஆய்வுக்குழு, 14 காரணங்களைக் குறித்தது. அவற்றுள் பங்கு மிகுந்தவற்றில் செவித்திறன் குறைவும் ஒன்று. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வொன்று, காதொலிக் கருவி அளித்ததன் பயனை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து அளந்தது. அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது அறிவாற்றல் தேய்வில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் நோய்வாய்ப்பு மிகுந்திருந்த ஒரு பிரிவினரிடம் அத்தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது. கருவி மறதிநோய்க்கு மருந்து என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆபத்து மிகுந்தவர்கள் தள்ளிப்போடக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

வங்கியோடு தொடர்புடைய இழப்பும் உண்டு. செவித்திறன் குறைந்தோரிடம் ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது: சொன்னது விளங்காதபோதும் ‘சரி, சரி’ என்று தலையசைத்தல். ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று மூன்றாம் முறை கேட்க நாணம் தடுக்கிறது. எதிரில் இருப்பவர் நல்லவராயின் இதனால் பெரிய கேடில்லை. தொலைபேசியில் ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று தொடங்கும் மோசடிக்காரன் ஆயின், அந்தச் ‘சரி’ ஆயுட்காலச் சேமிப்பையே கரைத்துவிடும். பேச்சு விளங்காமல் கைப்பேசியை அருகில் நிற்கும் அறிமுகமற்றவரிடம் கொடுத்து ‘என்னவென்று கேளுங்கள்’ என்பதும் ஆபத்தே. திரையில் தோன்றும் கடவு எண்ணை அவரும் காண்பார்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறோரிடத்துக் குறையால் பணம் பறிபோய், மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், இழப்பு வாடிக்கையாளரைச் சாராது. ஆனால் கடவு எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு முழுவதும் அவரையே சாரும். கேட்காததால் சொல்லிவிட்டேன் என்பது அங்கே துணைக்கு வராது. எனவே, விளங்காத தொலைபேசி அழைப்பை உடனே துண்டித்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு இல்லை. எதுவாயினும் எழுத்தில் தருமாறு கேட்கலாம். நேரில் கிளைக்கு வரலாம். பணம் போய்விட்டதென ஐயம் எழுந்தால், வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இவ்வழைப்பைச் செய்யக்கூடிய நம்பகமான உறவினர் ஒருவரை முன்கூட்டியே தேர்ந்து வைத்தல் நலம்.

சோதனை உங்கள் மொழியில் நடக்கட்டும்

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ருயா அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்து 1993 முதல் இயங்கிவரும் ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனமும் அங்கு உண்டு. சித்தூர் மக்கள் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதும் தலைமுறை வழக்கம்.

மருத்துவர் காதைப் பார்த்தபின், ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநர் ஒலிபுகா அறையில் சோதனை செய்வார். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் மிக மெல்லிய எந்த ஒலிவரை கேட்கிறது என்பதைக் குறிக்கும் வரைபடமே ஆடியோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குள் இருப்பது இயல்பு. 35 வரை இலேசான குறைவு. 50 வரை நடுத்தரம். 65 வரை நடுத்தரத்தை விஞ்சியது. 80 வரை கடுமை. அதற்கு மேல் மிகக் கடுமை. அன்றாட உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் என்பதை நினைவில் கொண்டால் இவ்வெண்களின் பொருள் விளங்கும்.

இதனோடு சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் செய்யும் சோதனையும் உண்டு. இங்குதான் எல்லைப்பகுதி வாழ்வோர் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: சொற்சோதனை தாய்மொழியிலேயே நிகழ வேண்டும். தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட முதியவரிடம் தெலுங்குச் சொற்பட்டியலைக் கொண்டு சோதித்தால், காதின் குறையா மொழியின் பழக்கமின்மையா என்று பிரித்தறிய முடியாது. தெலுங்கு பேசுவோர் வேலூரில் சோதிக்கப்படும்போதும் இதே கருத்து பொருந்தும். ‘என் வீட்டு மொழி இது’ என்று தொடக்கத்திலேயே கூறுவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்றும் கேட்டறியலாம். அது நோயாளியின் உரிமை.

கருவி செய்வதும் செய்யாததும்

பீத்தோவன் காலத்தில் செவித்துணை என்பது உலோக ஊதுகுழல். அவர் பயன்படுத்திய குழல்கள் பான் நகரிலுள்ள அவரது இல்ல அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. மின்கருவிகள் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் தோன்றின. டிரான்சிஸ்டர் என்னும் சிறு மின்னணு உறுப்பு முதன்முதலாக விற்பனைப் பொருளில் இடம்பெற்றது, 1952 இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த காதொலிக் கருவி ஒன்றிலேயே. டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி அதற்குப் பின்னரே வந்தது. 1990களின் இடையில் முழுமையான எண்ணியல் கருவிகள் சந்தைக்கு வந்தன.

மக்கள் வழக்கில் ‘காது மிஷின்’ எனப்படும் இக்கருவியில் ஒலிவாங்கி, ஒலியைப் பகுத்து உயர்த்தும் சில்லு, காதினுள் ஒலியைச் செலுத்தும் சிறு ஒலிபெருக்கி ஆகியன அடங்கும். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவது நல்ல கருவியன்று. ஆடியோகிராமில் எந்த அதிர்வெண் குறைந்துள்ளதோ அதை மட்டும் வேண்டிய அளவு உயர்த்தி, உரத்த ஒலியை அடக்கித் தருவதே அதன் சிறப்பு. இணையத்திலும் கடைவீதியிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகள் இதைச் செய்வதில்லை. அவை எஞ்சியிருக்கும் செவித்திறனுக்கும் ஊறு செய்யலாம்.

கருவி, இழந்த செல்களை மீட்டுத் தராது. கண்ணாடி அணிந்த மறுகணம் எழுத்து தெளிவதுபோல் முதல் நாளே பேச்சும் தெளியாது. பல ஆண்டுகள் கேளாதிருந்த தட்டின் ஓசையும், காகிதம் கசங்கும் ஓசையும், தம் காலடியோசையும் திடீரெனத் திரும்பி வரும்போது மூளை திகைக்கிறது. ‘எல்லாம் இரைச்சலாக இருக்கிறது’ என்று பத்தாம் நாள் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவோர் பலர். வாங்கிய பணம் அங்கேதான் வீணாகிறது. முதல் வாரம் அமைதியான வீட்டில் நாளொன்றுக்குச் சில மணி நேரம்; பின்னர் இருவர் மூவர் பேசும் இடம்; அதன்பின் சந்தை என்று படிப்படியாகப் பழக வேண்டும். ஒன்றிரண்டு மாதங்களில் மூளை தேவையற்ற ஓசையை ஒதுக்கப் பழகிக்கொள்ளும். இடையில் இருமுறையேனும் வல்லுநரிடம் சென்று அமைப்பைத் திருத்திக்கொள்வது கட்டாயம். இரு காதிலும் குறைவிருந்தால் இரண்டிலும் அணிவதே, ஓசை வரும் திசையை அறியவும் கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்கவும் உதவும்.

பராமரிப்பு எளிது. வியர்வையும் ஈரமும் கருவியின் பகைவர்கள். இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட சிறு டப்பாவில் வைக்கலாம். துத்தநாகக் காற்று மின்கலத்தின் மேலுள்ள ஒட்டுத்தாளை நீக்கியபின் ஒரு நிமிடம் பொறுத்துக் கருவியில் இடவேண்டும். காற்று உட்புகுந்தால்தான் அது முழு ஆற்றலுடன் இயங்கும். திருமலையில் முடிகாணிக்கை செலுத்துவோரும் புஷ்கரிணியில் நீராடுவோரும் முன்னதாகவே கருவியைக் கழற்றி உடன் வந்தவரிடம் ஒப்படைப்பது நல்லது. அந்நேரத்தில் குடும்பத்தாரை விட்டுப் பிரியாமலும் இருக்க வேண்டும்; கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்தாலும் அவர்க்குக் கேட்காது.

செலவும் உதவியும்

காதொலிக் கருவிக்குப் பொருள் சேவை வரி இல்லை. ஆயினும் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, இரு காதுக்கும் சேர்த்துச் சில இலட்சம் வரை செல்கிறது. விலை உயர உயரக் கூடுவது பெரும்பாலும் இரைச்சலைக் குறைக்கும் நுட்பமும் கைப்பேசி இணைப்பும் போன்ற வசதிகளே. வீட்டோடு இருக்கும் ஒருவர்க்குத் தேவையானதும், நாள்தோறும் பலரோடு பேசித் தொழில் நடத்துபவர்க்குத் தேவையானதும் ஒன்றல்ல. வாங்குமுன் சோதனைக் காலம் உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்க்கும் இடம் எங்குள்ளது, மின்கலச் செலவு மாதம் எவ்வளவு என்னும் நான்கையும் எழுத்தில் பெறுவது நன்று.

நடுவண் அரசின் அடிப் என்னும் உதவிக் கருவித் திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனம் எனச் சான்று பெற்றவர்களுக்கு, திருத்தப்பட்ட விதிகளின்படி மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழு விலையும், 30,000 வரை இருந்தால் பாதி விலையும் உதவியாகக் கிடைக்கும். இச்சான்று தனித்துவ ஊனமுற்றோர் அடையாள அட்டை வழியே வழங்கப்படுகிறது. இலேசான, நடுத்தரக் குறைவுள்ள முதியோர் பலர்க்கு 40 விழுக்காட்டுச் சான்று கிடைப்பதில்லை. அவர்கள் மனந்தளர வேண்டாம். 2017இல் ஆந்திரத்தின் நெல்லூரில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம், வறுமைக்கோட்டிற்குக் கீழோ மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள்ளோ உள்ள 60 வயது நிறைந்தோர்க்கு முகாம்கள் வழியாகக் காதொலிக் கருவி உள்ளிட்ட துணைப் பொருள்களை இலவசமாக அளிக்கிறது. முகாம் நடைபெறும் நாளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம். சான்று பெற்றோர்க்குப் பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், 80 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட கடும் ஊனமாயின் 1,25,000 ரூபாயும் வருமான வரிக் கழிவாகக் கிடைக்கும்.

எந்த உதவியும் பொருந்தாத நடுத்தரக் குடும்பங்களுக்கு நாம் கூறுவது பழைய வழியே: முன்கூட்டிச் சேமித்தல். ஒரு கருவி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைக்கும். மாதம் 500 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் இட்டுவந்தால் 60 மாதங்களில் 30,000 ரூபாய் அசலும் அதன் வட்டியும் கைக்கு வரும். அடுத்த கருவிக்கான தொகை, பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய நிலையின்றி, தம் கணக்கிலேயே இருக்கும்.

மழலைக்குக் காலம் குறைவு

முதியவர் தாமதித்தால் இழப்பது ஆறுதலை. குழந்தை தாமதித்தால் இழப்பது மொழியை. பேச்சு வளர வேண்டிய முதல் சில ஆண்டுகளில் ஒலி கேட்காத மூளை, பின்னர் ஒலி கிடைத்தாலும் அதை மொழியாக மாற்றத் திணறும். ஆகவேதான் பிறந்து ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் மருத்துவத் தொடக்கம் என்னும் ஒழுங்கை வல்லுநர் வலியுறுத்துகின்றனர். குழந்தை உறங்கும்போதே வலியின்றிச் சில நிமிடங்களில் முதற்சோதனை முடிந்துவிடும். அரசின் சிறார் நலத் திட்டத்திலும் பிறவிச் செவிக்குறை கண்டறிதல் அடங்கும். தாய்மாமன், அத்தை மக்கள் திருமணம் தென்னிந்தியாவில் மிகுதி. நெருங்கிய உறவில் மணந்தோரின் குழந்தைகளுக்கு மரபுவழிச் செவிக்குறை நேரும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா செவித்திறன் குறைந்தோர் பள்ளி நெடுங்காலமாகக் கல்வி அளித்து வருகிறது. அதே தேவஸ்தானத்தின் ‘சிரவணம்’ மையத்தில், செவித்திறன் குறைந்த சிறு குழந்தைகளோடு அவர்தம் தாய்மார்க்கும் பயிற்சி தரப்படுகிறது. தாயையும் சேர்ப்பதன் காரணம் எளியது: பயிற்சியாளர் ஒரு நாளில் பேசுவது சில மணி நேரம், தாய் பேசுவது நாள் முழுவதும். கருவியால் பயன் பெற இயலாத கடுங்குறையுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவைக்கு நடுவண் அரசின் அடிப் திட்டத்திலும் ஆந்திர அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் வழி உண்டு.

எதிரில் நிற்பவர் கடமை

கருவி பாதி வேலையைச் செய்யும், மறுபாதி நம்முடையது. பேசுமுன் பெயர் சொல்லி அழைத்து முகம் காட்ட வேண்டும். வெளிச்சம் நம் முகத்தில் விழுமாறு நிற்க வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். புரியவில்லை என்றால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு சொல்லால் கூற வேண்டும். ‘உனக்கு ஒன்றுமில்லை, விடு’ என்னும் சொல்லை அறவே நீக்க வேண்டும். அது அவரை உரையாடலிலிருந்து வெளியேற்றும் சொல்.

வங்கி முகப்பில் பணியாற்றுவோர்க்கும் இது பொருந்தும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னிருந்து தலை குனிந்து சொல்லும் தொகை பலர்க்குக் கேட்பதில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டினால் ஐயமின்றி முடியும். 70 வயதைக் கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாயிலிலேயே அடிப்படைச் சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளை அறிவுறுத்தியது. வாடிக்கையாளர் தம் செவித்திறன் குறைவைக் கிளையில் கூறி, குறுஞ்செய்தி அறிவிப்பு வேண்டும் என்றும் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றும் கேட்பது சலுகையை யாசிப்பதன்று. தம் கணக்கைக் காத்துக்கொள்ளும் செயல்.

ஆண்டுதோறும் மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இல்லத்தில் தொலைக்காட்சியின் ஒலி ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா, ‘என்ன? என்ன?’ என்னும் கேள்வி பெருகுகிறதா, கூட்டத்தில் பேசாமல் அமர்ந்திருப்பவர் முன்பு அப்படி இருந்தவர்தாமா என்று இந்த வாரமே கவனியுங்கள். ஐயம் எழுந்தால், ஐம்பது வயது கடந்த ஒவ்வொருவர்க்கும் கண்ணையும் இரத்தச் சர்க்கரையையும் சோதிப்பதுபோல் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சோதனைக்கு ஆவது அரை நாள். அதன்பின் அவர் காதில் விழப்போகும் பட்டும் கட்டும் தட்டும் தனித்தனிச் சொற்களாக இருக்கும்.